காகத்துக்கு நேரே ஒரு காலி இடம்

ஜூன் விடுமுறை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மகள் ஒரு பயிற்சித்தாளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். துணைப்பாட வகுப்பில் கொடுத்த தாள் அது. இருபது கேள்வி, எல்லாம் ஒரே மாதிரி: இந்த விலங்கு கூட்டமாக இருந்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது? சிங்கத்துக்கு 'ப்ரைட்', மீனுக்கு 'ஸ்கூல்', ஓநாய்க்கு 'பேக்'. பத்தொன்பது சரி. காகத்துக்கு மட்டும் 'ஃப்ளாக்' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் 'மர்டர்' என்று திருத்தியிருந்தார்கள்.

"அப்பா, மர்டர்னா கொலைதானே?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா அப்போது ஊரிலிருந்து வந்து சிங்கப்பூரில் யீஷூனில் எங்களோடு தங்கியிருந்தார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் காதில் இது விழுந்துவிட்டது.

"யாரு, காக்காயா? காக்காயவா கொலைங்கிறாங்க? அடுத்த வாரம் உங்க தாத்தாவுக்குத் திதி. அவரு எந்த ரூபத்துல வருவாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க இவங்க?"

மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் தாளை நிமிர்த்தி அந்தச் சிவப்புச் சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போனேன். நான் 2004-இல் இங்கே கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். எனக்கு ஆங்கிலம் வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. காலையில் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கிலும், பாதுகாப்புப் பலகைகளிலும்தான் படித்தேன். பாரம் தூக்கும்போது மாட்டும் இரும்பு வளையத்துக்கு 'ஷேக்கிள்' என்ற சொல் தெரிவதற்கு முன்பே ஷேக்கிளின் கனம் என் கைக்குத் தெரியும். பாரத்தைக் கட்டித் தூக்கும் வாரை 'ஸ்லிங்' என்று எழுதத் தெரிவதற்கு முன்பே, நைந்த ஸ்லிங் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். அப்படி வந்த சொற்கள் எதையும் நான் இதுவரை மறந்ததில்லை. அதனால்தான் மகள் இருபது சொல்லை, ஒரு விலங்கைக்கூடப் பார்க்காமல், மனப்பாடம் செய்வது எனக்கு உறுத்தியது. இந்தச் சொற்களையெல்லாம் யார், எதைப் பார்த்து வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

வேட்டைக்காரர்கள் வைத்ததுதான் பாதி. 1486-இல் லண்டனுக்கு வடக்கே இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் ஒரு புத்தகம் அச்சானது. ஊர்ப் பெயரையே வைத்து 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்று அதைச் சொல்கிறார்கள். அச்சிட்டவர் பெயர் இன்றுவரை தெரியவில்லை. அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் என்று மட்டும் குறிப்பு இருக்கிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவியின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். வல்லூறு வளர்ப்பது எப்படி, மான் வேட்டை ஆடுவது எப்படி, குலச்சின்னம் வரைவது எப்படி என்று பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நடுவில் நூற்று அறுபது சொச்சம் கூட்டப் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல். நல்ல குடும்பத்தில் பிறந்தவன் காட்டில் நிற்கும்போது எந்தக் கூட்டத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். சொல் தவறினால், இவன் நம் ஆள் இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலில் விலங்குகள் மட்டும் இல்லை. நீதிபதிகள் கூட்டத்துக்குத் 'தீர்ப்பு' என்று பெயர். செருப்புத் தைப்பவர்கள் கூட்டத்துக்குக் குடிவெறி என்று பொருள்படும் ஒரு சொல். கன்னியாஸ்திரீகள் கூட்டத்துக்கு 'தேவைக்கு மேல் மிகுதி' என்று பெயர். ஒரு பகுதி வேட்டைக்காரன் சொல் என்றால், இன்னொரு பகுதி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆடிய சொல் விளையாட்டு. காகத்துக்கு 'மர்டர்' என்பதும் அதே 15-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் வரும் சொல்தான். இன்றைக்கு ஆங்கிலேயரே காகக் கூட்டத்தைப் பார்த்தால் சாதாரணமாக 'ஃப்ளாக்' என்கிறார்கள். பறவை ஆராய்ச்சி செய்பவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். என் மகள் எழுதியது தப்பில்லை. அதை அவளிடம் சொன்னேன். மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றை, கண்ணால் பார்த்த ஒன்றை, யாரோ அடித்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு பிள்ளை சந்தேகப்படக் கூடாது.

ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கப் படிக்க எனக்கு அதன் மேல் ஒரு பிரியமும் வந்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். வானம்பாடிக் கூட்டத்துக்கு 'எக்ஸால்டேஷன்' என்று பெயர், மேலே மேலே எழுவது என்று பொருள். அந்தக் குருவி தரையிலிருந்து பாடிக்கொண்டே செங்குத்தாக வானத்தில் ஏறுவதைப் பார்த்தவன்தான் அதைச் சொல்லியிருக்க முடியும். நரிக்கு 'ஸ்கல்க்', பதுங்குவது. சிறுத்தைக்கு 'லீப்', பாய்ச்சல். அகழெலிக்கு 'லேபர்', உழைப்பு. 'கூஸ்' என்னும் பெரிய வாத்துக்கள் தரையில் இருக்கும்போது 'காகிள்' என்கிறார்கள். காதில் விழும் கூச்சலே பெயராகிவிட்டது. அதே வாத்துக்கள் பறக்கத் தொடங்கினால் பெயர் மாறிவிடுகிறது, 'ஸ்கேன்' என்பார்கள். நெசவுக்காரர்கள் நூலைச் சுற்றி வைக்கும் சிட்டம் இருக்கிறதே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்கேன்'. குளிர்கால வானத்தில் வாத்து வரிசை பிரிந்து பிரிந்து போவது நூல் அவிழ்ந்து நீள்வது போலத் தெரிந்திருக்கிறது யாருக்கோ. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். சின்ன வயதில் கொக்குகள் வரிசையாகப் போகும்போது நாங்கள் விரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டு பூப் போடச் சொல்லிக் கத்துவோம். அந்த வரிசையை அண்ணாந்து பார்க்கத் தெரிந்திருந்தது, அதற்கென்று தனியாக ஒரு சொல் வைக்கத்தான் தோன்றவில்லை.

மீன் கூட்டத்துக்கு 'ஸ்கூல்' என்று ஏன் பெயர் என்று மகள் கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். இது பள்ளிக்கூடமே இல்லை. டச்சு மொழியில் கூட்டத்துக்கு ஒரு சொல் உண்டு, அங்கிருந்து வந்தது இது. 'ஷோல்' என்று மீன் கூட்டத்துக்கு இன்னொரு சொல் இருக்கிறதே, அதுவும் இதற்கு உறவு. பள்ளிக்கூடம் என்ற பொருளில் வரும் 'ஸ்கூல்' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அதற்கு ஆதிப் பொருள் ஓய்வு நேரம். இரண்டும் வேறு வேறு வழியில் வந்து ஒரே எழுத்தில் நிற்கின்றன. இதைக் கேட்டு அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. ஓய்வு நேரம் என்பதை மட்டும் தன் தோழிகளிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள்.

அந்த வாரம் பட்டறையில் மதியச் சாப்பாட்டின்போது இதைப் பேசிக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "நம்ம தமிழ்ல எல்லாத்துக்கும் கூட்டம்தானே தம்பி. ஆட்டுக் கூட்டம், மாட்டுக் கூட்டம், யானைக் கூட்டம். இவ்வளவு பேரு நமக்கு ஏது?" என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். சாயங்காலம் வரை அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

இங்கே எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஆறு மா நிலம். சம்பா அறுப்பு முடிந்து, மாசி மாதம் வயல் காய்ந்து கிடக்கும்போது, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஆடுகளை நடத்திக்கொண்டு வருவார்கள். நாள் கணக்கில் நடந்தே வருவார்கள். கூட்டத்துக்குத் தலைவரைக் கீதாரி என்போம். நூற்றுக்கணக்கான ஆடுகள் தெருவில் நுழையும்போது புழுதி வீட்டுக் கூரை உயரத்துக்கு எழும்பும். அப்பா கீதாரியோடு திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை ராத்திரி, எவ்வளவு நெல் என்று பேசி முடிப்பார். பகலெல்லாம் ஆடு மேயும். பொழுது சாய்ந்ததும் எங்கள் வயலில் கொண்டுவந்து மடக்கிப் படல் கட்டி அடைப்பார்கள். ராத்திரி முழுக்க அதன் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த நாள் படலைப் பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் நடுவார்கள். இப்படியே வயல் முழுக்க நகர்ந்து போகும். "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்பார் அப்பா. ஆட்டு எருவுக்குப் பலன் அந்த ஆண்டே தெரியும், மாட்டு எரு அடுத்த ஆண்டுக்குப் பேசும். கிடை போட்ட வயலில் நாற்று நட்டால் பயிர் கறுத்துக்கொண்டு வரும். பச்சையைக் கறுப்பு என்றுதான் சொல்வோம், அவ்வளவு கரும்பச்சை.

ராத்திரியில் நானும் அப்பாவும் டார்ச் லைட்டோடு கிடைக்குப் போவோம். ஆடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். குட்டிகளைத் தனியாக மூங்கில் கூடு போட்டுக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நரி வராமல் நாயும் ஆளும் காவல் இருக்கும். அத்தனை ஆடும் சேர்ந்து மூச்சு விடும் சத்தம் ஒன்று உண்டு. இப்போது இதை எழுதும்போதும் அது என் காதில் இருக்கிறது.

அம்மா சொன்னது இதுதான்: "மேயறப்ப மந்தை. ராத்திரி வயல்ல மடக்குனா கிடை. ஊருக்குள்ள அடைச்சா பட்டி. ஒரு ஆடு ஒரே தடவையில போட்ட குட்டியெல்லாம் ஒரு ஈத்து. கோழி ஒரே அடையில பொரிச்சதுன்னா ஒரு அடைக் குஞ்சு. எறும்புன்னா சாரை. உழவுக்குச் சோடி கட்டுனா ஏர்மாடு. கூட்டம்னு யாரு சொன்னா?"

மூச்சு விடாமல் சொன்னார். மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான். எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள், ஆனால் வரிசையாக யாரும் கேட்டு நான் யோசித்ததே இல்லை. ஆங்கிலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது 'ட்ரோவ்' என்பார்கள். அது ஓட்டுவது என்ற வினையிலிருந்தே வந்த சொல். வாத்து தரையில் ஒன்று, வானத்தில் ஒன்று. அதே மாதிரிதான் எங்கள் மந்தையும் கிடையும். ஆடு அதேதான். அது அப்போது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல் சொல்லிவிடுகிறது. மந்தை என்பது மதுரைப் பக்கம் ஊர்ப் பொதுவெளிக்கும் பெயர். பட்டி என்றால் சிற்றூர் என்றும் பொருள். ஆடு மாடு கூடிய இடத்தில் மனிதரும் கூடிக் குடியிருந்திருக்கிறார்கள். சங்கப் பாட்டில் மாட்டுக் கூட்டத்துக்கு நிரை என்று பெயர். ஆநிரையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. அந்த நிரைக்காகச் செத்துப்போனவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள்.

அந்த அண்ணனுக்கு மறுநாள் இன்னொன்றும் சொன்னேன். தொல்காப்பியத்தின் மரபியலில், விலங்கு பறவைகளின் குட்டிகளுக்கு மட்டும் ஒன்பது பெயர்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றும் அங்கே கணக்கு இருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டியும் குருளை. கீரி, காட்டுப் பூனை, எலி, அணில் நான்குக்கும் குட்டி. ஆண் பெண்ணுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. கத்துவதற்கும் நம்மிடம் ஆளுக்கு ஒரு சொல்: மயில் அகவும், குயில் கூவும், யானை பிளிறும், வண்டு முரலும், காகம் கரையும். ஆங்கிலேயன் தூரத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்த மாதிரி, நம் ஆட்கள் கிட்டப் போய்க் குட்டியைப் பார்த்திருக்கிறார்கள், குரலைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு, "குருளைங்கிறத எங்க தமிழய்யா சொல்லிக் கேட்டது, முப்பது வருஷமாச்சு" என்றார். அவர் முகம் மலர்ந்துபோனது.

சரி, மகளுக்கு வருகிறேன். அம்மா அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ ஆட்டுக் கிடையைப் பாத்ததில்ல. சிங்கக் கூட்டத்தையும் பாத்ததில்ல. பாக்காம எப்படிக் கண்ணு பேரச் சொல்லுவ?" அதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியது. இடது பக்கம் விலங்கு, நடுவில் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நம் சொல். ஒரே ஒரு விதி: கூட்டமாகக் கண்ணால் பார்த்த பிறகுதான் வலது பக்கம் எழுதலாம். காகத்தை முதல் வரியில் எழுதினாள். நடுவில் 'மர்டர்' என்று எழுதினாள். வலது பக்கம் காலியாக விட்டாள்.

இந்தத் தீவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நிறைய இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே உள்ள மரங்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு மைனாக்கள் அடையும். ஜாவா மைனா, 1925 வாக்கில் கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப் பெருகியது. தன் சொந்த ஜாவாவில் அது பிடிபட்டுப் பிடிபட்டு அருகிக்கொண்டிருக்கிறது, இங்கே அதுதான் எங்கும் கண்ணில் படுகிறது. மைனா ஐரோப்பாவின் ஸ்டார்லிங் குருவிக்குச் சொந்தக்காரன், ஒரே குடும்பம். ஸ்டார்லிங் கூட்டத்துக்கு அந்தப் பழைய பட்டியலில் 'மர்மரேஷன்' என்று பெயர், முணுமுணுப்பு. வானத்தில் புகை போலச் சுழலும் அந்தக் கூட்டத்துக்கு இன்று அதைச் சொல்கிறார்கள். எங்கள் மைனாக்களுக்கு முணுமுணுப்பு என்ற பேச்சே கிடையாது. அம்மா ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, "அந்திச் சந்தை கூடிருச்சு" என்றார். ஊரில் வியாழக்கிழமைச் சந்தை கலையும் நேரத்துச் சத்தம்தான் அது. விலை இறக்கிக் கூவுவது, பை நிறைந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கூப்பிடுவது. மகள் எழுதிக்கொண்டாள்: மைனா, அந்திச் சந்தை.

பீஷான் அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றையும் பார்த்தோம். அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு சிமெண்ட் கால்வாய், 2012-இல்தான் புல்லும் கல்லுமாக ஆறாகத் திருப்பிவிட்டார்கள். தண்ணீரில் இருக்கும் நீர்நாய்க் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ராஃப்ட்', மிதவை. அது பொருத்தம்தான், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் மிதந்தன. மீனைப் பிடித்துக் கரையேறி மொறுமொறுவென்று தின்றன. சங்கப் பாட்டில் பொய்கை நீர்நாய் வாளை மீனைத் தேடும். இங்கே என்ன மீனோ. மகள் வலது பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டுமாம்.

திதி அந்த வாரத்தில்தான் வந்தது. அம்மா விடியற்காலையில் குளித்துச் சமைத்துவிட்டார். தேக்கா சந்தையில் முதல் நாளே வாழையிலை வாங்கி வைத்திருந்தோம். அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல், பச்சைப்பயற்றம்பருப்புப் பாயசம். படைத்து முடித்ததும் ஒரு கவளம் சோற்றில் எள்ளும் நெய்யும் பிசைந்து எடுத்துக்கொண்டு, "எங்க வைக்கணும்?" என்று கேட்டார்.

நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி. என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர்தான் மெதுவாகச் சொன்னார். 2020 ஜூன் முதல் இங்கே எந்தக் காட்டுயிருக்கும் உணவு போடக் கூடாது, முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். சட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சோறு போட்டால் புறாவும் காகமும் பெருகும், குப்பைத் தொட்டியைக் கிளறும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தலையில் கொத்தும். இங்கே காகங்களைத் துப்பாக்கியால் சுட்டுக் குறைத்த காலமும் உண்டு. இந்தக் காகங்கள் வந்த கதையும் நம் கதையோடு சேர்ந்ததுதான். 1890-களில் மலாயாவில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்தில் புழு தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நம் ஆட்கள் அதே தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலம் அது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சட்டம்னா மதிக்கணும்" என்றார். கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுக்களை ஜன்னலோரம் போய் நின்று, ஊரில் கொல்லையில் நின்று கூப்பிடும் சத்தத்தில் கால்வாசிச் சத்தத்தில், "கா... கா..." என்று கூப்பிட்டார். எதிர் புளோக் மொட்டைமாடி விளிம்பில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்துட்டாரு. போதும்" என்று சொல்லிவிட்டு, கவளத்தைக் கொண்டுபோய் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார். சாயங்காலம் வரை அது அங்கேயே இருந்தது. எங்கள் யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை.

அன்று ராத்திரி மகளுக்கு 527-ஆம் குறளைச் சொல்லிக் கொடுத்தேன். காக்கை கரவா கரைந்துண்ணும். கிடைத்ததை மறைக்காமல், இனத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடும். அவள் நோட்டை எடுத்து வந்தாள். "அப்ப வலது பக்கம் என்ன எழுதுறது?" நீதான் பார்த்து எழுத வேண்டும் என்றேன். "ஒரு காக்காதானே வந்துச்சு" என்றாள். உண்மைதான். ஒன்றைக் கூட்டம் என்று சொல்ல முடியாது.

அம்மா ஜூலையில் ஊருக்குப் போய்விட்டார். நோட்டு தொடர்ந்தது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போனோம். 1993-இல் பூங்காவாகத் திறந்த இடம். வடக்கே சைபீரியாப் பக்கம் குளிர் தொடங்கும்போது பறவைகள் கிளம்பி இங்கே வந்து இறங்கும், மார்ச் வரை இருக்கும். கடல் ஏற்றத்தின்போது சேறு மூழ்கிவிடுவதால் எல்லாம் மேட்டில் ஒதுங்கி நிற்கும், அப்போதுதான் நன்றாகப் பார்க்கலாம். உப்புக்கொத்திகள் முப்பது நாற்பது, காற்று வரும் பக்கமாகவே முகத்தை வைத்து, அசையாமல் நின்றன. அதற்குப் பழைய பட்டியலில் 'காங்கிரிகேஷன்', தொழுகைக்குக் கூடியிருக்கும் சபை. ஐந்நூறு வருடம் முன்னால் எழுதியவன் இதையேதான் பார்த்திருக்கிறான் என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது.

திரும்பும் வழியில் புல்வெளியில் இரண்டு ஆள்காட்டிகள் கத்திக்கொண்டு எழுந்தன. ஆங்கிலத்தில் அந்த இனத்தின் கூட்டத்துக்கு 'டிசீட்', வஞ்சகம். முட்டை இருக்கும் இடத்திலிருந்து ஆளை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும் அதன் வழக்கத்தைப் பார்த்து வைத்தது என்பார்கள். நமக்கு அது ஆள்காட்டி, ஆள் வருகிறான் என்று காட்டிக்கொடுப்பது. வேட்டைக்குப் போனவனின் எரிச்சல் இரண்டு பெயரிலுமே இருக்கிறது. அந்தப் பறவை பாவம், தன் முட்டையைக் காப்பாற்றத்தான் அவ்வளவும் செய்கிறது. மகள் அதற்கு வலது பக்கத்தில் 'காவல்' என்று எழுதினாள். கிடைக்குக் காவல் இருந்த கதையைக் கேட்டதிலிருந்து அந்தச் சொல் அவளிடம் இருந்திருக்கிறது.

மகாளய அமாவாசை வந்தது. அம்மா காலையிலேயே போன் செய்து, "படைச்சு முடிச்சதும் வீடியோவுல கூப்பிடுறேன், பாப்பாவ இருக்கச் சொல்லு" என்றார். ஊரில் மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை. நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பிடித்திருந்தான் போல, படம் ஆடியது. எங்கள் கொல்லை. கிணற்றடிச் சுவர். அம்மா சுவர் மேல் நீளவாட்டில் இலையை விரித்துச் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். இங்கே ஜன்னலோரம் கூப்பிட்ட மாதிரி இல்லை, முழுக் குரலில் கூப்பிட்டார். முருங்கை மரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்தது. சோற்றைத் தொடவில்லை. கழுத்தை நீட்டிக் கரைந்தது. மறுபடி கரைந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒவ்வொன்றாக வந்து இறங்கின. சுவர் மேல் வரிசையாக, இடம் விட்டு இடம் விட்டு, இலையைப் பார்த்து.

"முதல் பந்தி உக்காந்துருச்சு பாரு கண்ணு" என்றார் அம்மா.

மகள் எண்ணினாள். சுவரில் எட்டு. மரத்தில் மூன்று காத்திருந்தன.

"அப்பாயி, மரத்துல இருக்கறது ரெண்டாம் பந்தியா?"

"ஆமாங் கண்ணு. எடம் காலியானாத்தான் எறங்கும்."

அவள் நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அப்பா, போன்ல பாத்தாலும் பாத்த கணக்குதானே?"

கணக்குதான் என்றேன். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரின் ஒரு ஓரத்திலிருந்து ஒரு காகம் பறந்துபோனது. மரத்திலிருந்து ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.